உடலுள் ஒரு மருந்துப் பம்பி



முண்ணாணிலோ மூளையிலோ ஊறு நேர்ந்தவர்களுக்கு உண்டாகும் தசை இறுக்கத்தைப் பற்றியும், அதனைத் தணிக்கும்பொருட்டு உடலினுள்ளே வைத்துத் தைக்கப்படுகின்ற ஒரு சிறு பம்பியைப் பற்றியும் இன்று சில கூற விரும்புகிறேன். நான் வைத்தியத்துறை சார்ந்தவளல்லேன். கலைப் பட்டதாரி, அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். இப்பொருள்பற்றிப் பேசுதற்கு எனக்குள்ள உரிமை யாதெனில், இலண்டனில் வாழும் என் தம்பி 2015 ஆம் ஆண்டு முதலாக அத்தகைய பம்பியொன்றைத் தன் வயிற்றுத் தோலின் கீழே தாங்கி வருகிறான் என்பதொன்றே. இன்று கூறப்போவன யாவும் அவன் வாயிலாகவும், அவன் மனைவி வாயிலாகவும், அவனுக்கு மருந்து நிரப்பும் தாதியொருவர் வாயிலாகவும் நான் கேட்டறிந்தனவும், என் கண்ணாற் கண்டனவுமாம்.

முதலில் ஒரு சொல்லைப்பற்றிய சிறு விளக்கம். நம் ஊர்ப் பேச்சில் ‘விறைப்பு’ என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. கால் மரத்துப் போனாலும் ‘விறைத்துப்போயிற்று’ என்கிறோம். கால் கட்டைபோல் நீண்டு மடங்க மறுத்தாலும் ‘விறைத்துப்போயிற்று’ என்கிறோம். என் தம்பிக்கு நேர்ந்த துன்பத்தைத் தொலைபேசியில் முதன்முதற் கேட்டபோது, முன்னையதையே நான் எண்ணிக்கொண்டேன். ‘உணர்ச்சி குறைந்த கால் நோகாதே, அதனால் என்ன துன்பம்?’ என்று பேதைத்தனமாகக் கேட்டும் விட்டேன். ஆகவே, ‘விறைப்பு’ என்பதை ஒதுக்கி ‘இறுக்கம்’ என்னுஞ் சொல்லையே இவ்வுரையில் ஆள்கிறேன்.

2012 ஆம் ஆண்டு தை மாதத்தில், உறைபனி படிந்த வாயிற்படியில் வழுக்கி வீழ்ந்ததனால் என் தம்பியின் முள்ளந்தண்டு நடு முதுகில் முறிந்தது. முண்ணாண் முற்றாக அறுபடவில்லை, நசுங்கியது. வைத்தியசாலையில் முதற் சில வாரங்கள் அவன் கால்கள் ஈரத்துணிபோற் சோர்ந்து கிடந்தன. பின்னர் ஒருநாட் காலையில் வலது கால் தானாகவே துள்ளியது. வீட்டார் மகிழ்ந்தனர். உயிர் திரும்பிவிட்டது என்று அம்மா இங்கே கோயிலில் அருச்சனை செய்தார். அது குணத்தின் அறிகுறியன்று, இறுக்கத்தின் தொடக்கம் என்பதை வைத்தியர்கள் மெல்ல மெல்ல எடுத்துரைத்தனர்.

இஃது எவ்வாறு நேர்கிறது? வைத்தியர் முழங்காலின் கீழே சிறு சுத்தியலால் தட்ட, கால் முன்னோக்கி எழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தசையொன்று திடீரென நீட்டப்படும்போது அச்செய்தி முண்ணாணுக்குச் செல்கிறது. முண்ணாண், மூளையைக் கேளாமலே, ‘சுருங்கு’ என்று அத்தசைக்கு ஆணையிடுகிறது. இவ்வாணை அளவுமீறிப் போகாவண்ணம் மேலிருந்து மூளை ஓயாது அடக்கிக்கொண்டிருக்கிறது. இடையிலுள்ள வழி கெட்டுவிட்டால் அடக்குவார் இல்லை. ஆசிரியர் வெளியே சென்றுவிட்ட வகுப்பறையை நான் நாள்தோறும் காண்கிறேன். ஒரு பிள்ளையின் பென்சில் கீழே விழுந்தாலும் நாற்பது பிள்ளைகளும் எழுந்து கூச்சலிடுவர். ஊறுபட்ட இடத்துக்குக் கீழேயுள்ள தசைகளின் நிலையும் அத்தகையதே. போர்வையின் நுனி பாதத்தில் உராய்ந்தாற் போதும், இரு கால்களும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கத்தரிக்கோல்போல் இறுகிவிடும்.

அந்த மூன்று ஆண்டுகள் தம்பியின் வீட்டில் எவரும் ஓரிரவேனும் முழுதாக உறங்கியதில்லை. நள்ளிரவிற் கால்கள் உதைத்துப் போர்வையை எறியும். சக்கர நாற்காலியில் இருக்கையில் பாதம் தாங்கியிலிருந்து நழுவி நிலத்தில் இழுபடும். காலுறை அணிவிக்க இருவர் வேண்டும். ஒருவர் முழங்காலை அமர்த்திப் பிடிக்க, மற்றவர் அணிவிப்பார். குதிகால் படுக்கையில் ஓயாது உராய்ந்து புண்ணாயிற்று. அப்புண் ஆற ஐந்து மாதங்கள் சென்றன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாது விட மனம் ஒப்பவில்லை. நான் ஆசிரியையாகச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில், என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பிறவியிலேயே மூளையிற் பாதிப்புற்றவன். வாங்கில் நேராக இருக்கமாட்டான். கால்கள் குறுக்கே பின்னிக்கொள்ளும். திடீரென ஓசை கேட்டால் உடல் முழுவதும் அதிர்ந்து கொப்பி கீழே விழும். ‘நேரே இரு’ என்று அவனை நான் பலமுறை கண்டித்ததுண்டு. அவனும் ஒவ்வொரு முறையும் முயன்றான். முயல முயல இறுக்கம் மிகும் என்பதை என் தம்பியின் கட்டிலருகே நின்றபோதுதான் நான் அறிந்தேன். அச்சிறுவன் இன்று எங்குள்ளான் என்று விசாரித்தும் கண்டறிய முடியவில்லை.

இறுக்கத்துக்குரிய மருந்துகளுள் முதன்மையானது பக்லோபென் என்பது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலே சீபா நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1962 ஆம் ஆண்டு ஹைன்றிக் கேபர்லே என்னும் இரசாயன அறிஞர் இதனை உருவாக்கினார். அவர் கருதியது காக்கைவலிப்புக்கு மருந்தாகும் என்று. அந்நோய்க்கு அது பெரிதும் பயன்படவில்லை. ஆனால், சில நோயாளரின் தசை இறுக்கம் தளர்வதைக் கண்டனர். முண்ணாணில் நரம்புகளை அமைதிப்படுத்த இயற்கையாகவே ‘காபா’ என்றொரு பொருள் உண்டு. பக்லோபென் அதனைப் போன்று நடிக்கிறது என்று சொல்லலாம். வகுப்பறைக்கு வெளியே சென்ற ஆசிரியருக்குப் பதிலாக வந்த ஆசிரியர் எனக் கொள்க.

ஆயின், மாத்திரையாக விழுங்கினால் அது குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லும். முண்ணாணைச் சூழ்ந்துள்ள பாய்பொருளுக்குள் மிகச் சொற்பமே புகும். அச்சொற்பத்தைப் பெறுவதற்காகப் பெருமளவில் விழுங்கவேண்டும். தம்பி நாளொன்றுக்கு 80 மில்லிகிராம்வரை உட்கொண்டான். கால் சற்றே தளர்ந்தது. தலையோ முற்றாகத் தளர்ந்துவிட்டது. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கையில் வாக்கியத்தின் நடுவே உறங்கிவிடுவான். ‘அப்பா நித்திரை’ என்று அப்பிள்ளை கொப்பியை மூடிவைத்துவிட்டுச் செல்லுமாம். கால் உறங்கினால் தலையும் உறங்குகிறது, தலை விழித்தால் காலும் விழிக்கிறது என்று அவன் எழுதிய கடிதம் இன்றும் என்னிடம் உள்ளது.

மருந்தை நேராக அந்தப் பாய்பொருளினுள்ளேயே செலுத்தினால் என்ன என்று சிந்தித்தவர்கள் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்த றிச்சட் பென் என்னும் சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடன் பணியாற்றிய ஜெவ்ரி குறொயின் என்பவருமாவர். தம் முயற்சியின் முதற் பயனை 1984 ஆம் ஆண்டு ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் அவர்கள் வெளியிட்டனர். முண்ணாண் ஊறினால் எழும் இறுக்கத்துக்கு இம்முறையைக் கையாள 1992 இல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி வழங்கியது. மூளையின் ஊறினால் எழும் இறுக்கத்துக்கு 1996 இல் அனுமதி கிடைத்தது.

அளவிலே உள்ள வேறுபாட்டைக் கேட்டால் வியப்பீர்கள். மாத்திரையாகத் தம்பி உட்கொண்டது நாளொன்றுக்கு 80 மில்லிகிராம். அதனை மைக்கிரோகிராமிற் கூறினால் 80,000. பம்பி வழியாக இன்று அவன் பெறுவது நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம். ஐந்நூற்றில் ஒரு பங்குதானும் வேறிடத்துக்கு வீணே போவதில்லை என்பதாலன்று, போகவேண்டிய இடத்திலேயே போய் இறங்குவதாலே இச்சிறு அளவு போதுமாகிறது.

பம்பியைப் பொருத்து முன் ஒரு சோதனை செய்வர். முதுகிலே ஊசி குத்தி, 50 மைக்கிரோகிராம் மருந்தை ஒரே முறையாகப் பாய்பொருளிற் செலுத்திப் பார்ப்பர். 2015 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒருநாட் காலை தம்பிக்கு அவ்வாறு செய்தனர். ஒரு மணி நேரம் கழிந்தது. அவன் மனைவி வழமைபோல் இரு கைகளாலும் பலங்கொண்டு முழங்காலை மடக்க முயன்றார். எதிர்ப்பே இன்றிக் கால் மடிந்ததனால் அவரே முன்னே சரிந்து விழப்பார்த்தாராம். நண்பகலில் இருவரும் கட்டிலில் அமர்ந்து அந்தக் காலை மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தனர். மாலைக்குள் மருந்தின் வேகம் தணிந்தது. இரவு எட்டு மணிக்குக் கால்கள் முன்போலவே பின்னிக்கொண்டன. சோதனைக்கு முன்னிருந்த மூன்று ஆண்டுகளிலும் அழாத தன் கணவர் அன்றிரவு அழுதார் என்று அவர் எனக்குச் சொன்னார்.

அப்படியாயின் உடனே ஒப்புக்கொண்டிருப்பான் என எண்ணுகிறீர்களா? இல்லை. இரண்டு மாதங்கள் தயங்கினான். காரணம் உண்டு. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது அவன் ஒரு கணம் எழுந்து நிற்பான். நிற்பதற்கு வலிமை தந்தது அவன் விருப்பமன்று, அந்த இறுக்கமே. சோதனை நாளில் அவனால் அவ்வாறு நிற்க இயலவில்லை, கால்கள் மடிந்துவிட்டன. தன்னை வருத்திய பகையே தன்னைத் தாங்கும் ஊன்றுகோலாகவும் இருந்தது என்பதை அன்றுதான் அவன் கண்டான். இறுக்கம் முற்றாக நீங்கினால் தூக்கிவைக்கப்படும் பொருளாகிவிடுவேனே என்று அஞ்சினான்.

வைத்தியர்கள் அவ்வச்சத்தைச் சிறிதென எண்ணவில்லை. பம்பியின் சிறப்பே அதுதான் என்றனர். உள்ளே இருக்கும் அக்கருவிக்கு வெளியிலிருந்தே ஆணையிடலாம். கைக்கருவி ஒன்றை வயிற்றின்மேல் வைத்து, நாளின் எந்நேரத்தில் எவ்வளவு மருந்து செல்லவேண்டும் என்று குறித்துவிடலாம். இன்று அவனுக்குப் பகலிற் குறைந்த அளவே செல்கிறது. நிற்பதற்கு வேண்டிய இறுக்கம் எஞ்சியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு அளவு உயர்கிறது, கால்கள் உறங்குகின்றன. இந்த அளவைக் கண்டுபிடிக்க ஏழு மாதங்கள் பிடித்தன. ஒருமுறை கூட்டியது அதிகமாகிக் குளியலறையில் விழுந்தான், குறைத்தார்கள். மறுபடியும் சிறிது கூட்டினார்கள். பொறுமை வேண்டிய வேலை.

பம்பியின் உருவத்தைக் கூறுகிறேன். தைத்தேனியம் என்னும் உலோகத்தாலாய வட்ட வில்லை; குறுக்களவு ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர், தடிப்பு 2 சென்ரிமீற்றர். சப்பாத்துப் பொலிஷ் பேணியைச் சற்றுப் பெரிதாக மனத்திற் கொள்ளுங்கள். அதனுள்ளே மருந்துக் கலம், சிறு மின்பொறி, மின்கலம் என்பன அடங்கியுள்ளன. வயிற்றின் ஒரு பக்கத்தில் தோலின் கீழே அதனை இருத்தி, அதிலிருந்து மெல்லிய குழாயொன்றை விலாப்பக்கமாகத் தோலின் கீழேயே கொண்டுசென்று முதுகில் முண்ணாணின் உறையினுள்ளே நுழைத்துவிடுகிறார்கள். மெலிந்த தேகமுடையவரிடத்து அதன் விளிம்பு வெளியே தெரியும். என் தம்பி மெலிந்தவன். காற்சட்டையின் இடுப்புப் பட்டி உராய்வதாற் பருத்தித் துணியில் நாடா வைத்துத் தைத்த காற்சட்டையே அணிகிறான்.

2019 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் நான் இலண்டன் சென்றிருந்தபோது மருந்து நிரப்புவதை நேரிற் கண்டேன். பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. அறையொன்றில் அவனைக் கட்டிலிற் கிடத்தினர். தாதி கைக்கருவியை வயிற்றின்மேல் வைத்து, எஞ்சியிருக்கவேண்டிய மருந்து 5 மில்லிலீற்றர் என வாசித்தார். தோலைத் தூய்மைசெய்து, துளையிட்ட தகடொன்றை வைத்துப் பம்பியின் நடுவை மட்டிட்டு, ஊசியை நேரே இறக்கினார். பம்பியின் நடுவிலே தானாக மூடிக்கொள்ளும் இறப்பர் வாயில் ஒன்று உண்டு. பழைய மருந்தை உறிஞ்சி எடுத்து அளந்தார், 4.9 வந்தது. கருவி சொன்னதும் கையில் வந்ததும் பொருந்தியமையால் தலையசைத்துவிட்டுப் புதிய மருந்து 20 மில்லிலீற்றரை மெல்ல மெல்லச் செலுத்தினார். ஊசி வாயிலைத் தவறி மருந்து தோலின் கீழே கொட்டுண்டால் ஒரே வேளையில் மிகுதியான மருந்து உடலிற் சேர்ந்து மயக்கமும் மூச்சுத் தளர்ச்சியும் உண்டாகும் என்றும், அதனாலேயே தாம் அவசரப்படுவதில்லை என்றும் கூறினார். முடிந்தபின் அரைமணி நேரம் அவனை அங்கேயே இருத்திவைத்தார்.

கணக்கில் விருப்பமுள்ள நேயர்களுக்காக: அம்மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் 500 மைக்கிரோகிராம் உண்டு. ஆகவே 20 மில்லிலீற்றரில் 10,000. கடைசி 2 மில்லிலீற்றருக்கு வந்ததும் பம்பி ஒலியெழுப்பும். அதனைக் கழித்தால் 9,000. நாளுக்கு 150 வீதம் 60 நாட்கள். நாளொன்றுக்குச் செல்வது 0.3 மில்லிலீற்றர், கண்ணுக்கு விடும் மருந்தின் ஏறத்தாழ ஆறு துளி. தேக்கரண்டி நான்கில் அடங்கிவிடும் மருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு மனிதனின் இரவுகளைக் காக்கிறது.

அன்று வியாழக்கிழமை, அட்டமி. முதல்நாள் இரவு அம்மா தொலைபேசியில், “அட்டமியிலே ஊசி வேண்டாம் மோனை, வெள்ளி கழிச்சு வைச்சுக்கொள்” என்றார். வாக்குவாதம் வேண்டாம் என்று நானும், “ஒன்றிரண்டு நாள் பொறுத்தால் என்ன? அதுதான் பத்து நாளுக்கு மருந்து கிடக்குதே” என்று தம்பியிடம் சொன்னேன். காலை ஏழரை மணிக்கு ஒரு நிமிடம் பிந்தி வரும் பிள்ளைகளைப் படலையிலே நிறுத்திவைக்கும் அதிபர் சொன்ன சொல் அது! அவன் சிரிக்கவில்லை. “அக்கா, பதினேழாம் ஆண்டு நடந்தது உங்களுக்கு முழுக்கத் தெரியாது” என்றான். அன்றிரவு அதனை முழுவதும் சொன்னான்.

2017 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில் அவனுக்கு உடலெங்கும் அரிப்பெடுத்தது. தோலிலே தடிப்போ சிவப்போ இல்லை. ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை எனக் கருதி, மனைவி அரிப்புக்குரிய மாத்திரை கொடுத்தார். சனிக்கிழமை கால்கள் பழையபடி இறுகின. ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பி வருமுன் இருந்ததிலும் கொடிதாக இறுகின; வயிறும் பலகைபோலாயிற்று. மாலையிற் காய்ச்சல் 40 பாகையைத் தாண்டியது, பேச்சுத் தடுமாறியது. வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவிலே சிறுநீரிற் கிருமி தொற்றியிருக்கிறது என்று எண்ணி அதற்கே சிகிச்சை தொடங்கினர். இத்தகைய நோயாளருக்கு அத்தொற்று அடிக்கடி நேர்வதால் அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. எனினும் மூன்று மணி நேரம் அதிற் கழிந்தது. பம்பி பொருத்தியபோது கொடுத்த சிறு அட்டையை மனைவி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டி, “பம்பியைப் பாருங்கள், பம்பியைப் பாருங்கள்” என்று திரும்பத் திரும்பக் கூறிய பின்னரே உரியவர்களை அழைத்தனர்.

பம்பியில் மருந்து இருந்தது. மின்கலமும் நன்றாகவே இருந்தது. ஒலியெதுவும் எழவில்லை. பிழை எங்கே? முதுகுப்பக்கத்துக் குழாய் மடிந்து அடைபட்டிருந்தது. பம்பி தன் கடமையைச் செய்து மருந்தைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. மருந்தோ முண்ணாணை எட்டவில்லை. குழாயின் அடைப்பைப் பம்பி அறியாது. பலகாலம் இம்மருந்துக்குப் பழகிய உடலில் அது திடீரென நின்றால், அடங்கியிருந்த இறுக்கம் பன்மடங்காகத் திரும்பும், காய்ச்சல் எழும், அறிவு கலங்கும், தசைகள் சிதைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரும் போகலாம். தடிப்பில்லாத அரிப்பு அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்றாக வரும். வெள்ளிக்கிழமையே அதனை அறிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்திராது. வாய்வழியும் குருதிவழியும் மருந்துகள் கொடுத்து, குழாயை மாற்றும்வரை அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தனர். வீடு திரும்பப் பத்தொன்பது நாளாயின. அந்நாட்களில், ‘சிறு காய்ச்சல்’ என்று மட்டுமே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“அட்டமியோ நவமியோ, அவர்கள் குறித்த நாளுக்கு நான் போவேன்” என்று சொல்லி முடித்தான். மறுநாட் காலை நானே சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சென்றேன்.

இனி வேறு சில. மின்கலம் ஆறேழு ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மின்கலத்தை மட்டும் மாற்ற இயலாது, பம்பியையே மாற்றவேண்டும். 2021 ஆம் ஆண்டு தம்பிக்கு இரண்டாவது பம்பி வைத்தனர். காந்தப் புலத்தாற் படமெடுக்கும் பெரிய பொறியினுள் அவனைச் செலுத்தினால் பம்பி சிறிது நேரம் நின்று பின்னர் தானே ஓடத் தொடங்கும். ஓடுகின்றதா என்று கைக்கருவியாற் பார்த்தேயாகவேண்டும். இவையெல்லாம் அட்டையில் எழுதியிருக்கின்றன. அட்டையில் எழுதாத ஒன்றையும் அவன் கற்றுக்கொண்டான். இடுப்பின் கீழே நோவு தெரியாத அவன் உடலுக்கு, இறுக்கமே நோவின் மொழி. நகம் சதையில் ஏறினாலும், மலம் கட்டினாலும், சிறுநீரில் தொற்று உண்டானாலும், படுக்கைப்புண் தொடங்கினாலும் கால்கள் இறுகித் தெரிவிக்கும். ஆதலின் இறுக்கம் சிறிது கூடியவுடன் ‘மருந்தைக் கூட்டுங்கள்’ என்று அவன் கேட்பதில்லை. முதலில் கால்நகத்தைப் பார்க்கச் சொல்கிறான்.

நடக்கிறானா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. நடக்கவில்லை. பம்பி வலிமை தருவதில்லை. உணர்ச்சியைத் திருப்பித் தருவதுமில்லை. நெடுநாள் மடங்கிக் குறுகிப்போன மூட்டை நிமிர்த்துவதுமில்லை. அவன் இரவில் உறங்குகிறான். காலுறையைத் தானே அணிகிறான். மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான்; அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில்கிறாள்.

2023 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அம்மாவுக்கு எண்பத்தேழு வயதானபோது, பதினொரு ஆண்டுகளின் பின் அவன் ஊருக்கு வந்தான். அப்பயணம் முழுவதும் நாட்கணக்காகவே இருந்தது. மருந்து நிரப்பிய மூன்றாம் நாள் விமானமேறினான். இங்கே இருபத்தொரு நாள். திரும்பிச் சென்று சேரும்போது கலத்தில் இன்னும் முப்பத்தைந்து நாளுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று அவன் வைத்தியர் கணக்கிட்டார். குழாய் அடைபட்டால் என் செய்வது? அதற்கென மாத்திரைகளும், ‘இவரைப் பார்க்கும் வைத்தியருக்கு’ என்று தொடங்கும் கடிதமும் தந்தனர். மாத்திரை பம்பிக்கு ஈடாகாது. காலத்தை நீட்டித்துக் கொடுக்கும், அவ்வளவே. அக்கடிதத்தைப் பிரதிசெய்து ஒன்றைத் தொலைபேசியருகிலும் ஒன்றைச் சாமியறைக் கதவிலும் ஒட்டிவைத்தேன். வீட்டு வாசலின் மூன்று படிகளுக்கும் சீமெந்தாற் சாய்தளம் கட்டுவித்தோம். மேசன் அதனை முதலில் மிகச் செங்குத்தாகக் கட்டிவிட்டார். உடைத்து மறுபடியும் கட்ட நேர்ந்தது.

வந்த அன்று மாலை அம்மா அவன் சட்டையை விலக்கி, தடித்திருந்த இடத்தை விரலால் வட்டமாகத் தடவிப் பார்த்தார். “என்ன மோனை, உள்ளுக்குச் சுண்ணாம்புப் பேணியே வைச்சிருக்கிறாங்கள்?” என்றார். பின்னர் காதை அவன் வயிற்றிலே வைத்துக் கேட்டார். “ஒரு சத்தத்தையும் காணேல்லை” என்று கவலைப்பட்டார். சத்தம் கேளாமலிருப்பதே நலம் என்பதை விளக்க எங்களுக்கு வெகுநேரம் சென்றது. பம்பி ஒற்றைத் தொனியில் ஒலித்தால் மருந்து குறைகிறது என்றும், இரட்டைத் தொனியில் ஒலித்தால் மருந்து தடைப்பட்டது என்றும் பொருள்.

ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வீட்டினுள் இரட்டைத் தொனி கேட்டது. நான் எழுந்து ஓடினேன். அம்மா தடியில்லாமலே எனக்கு முன் அங்கே நின்றார். தம்பி விழித்தெழுந்து தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அசையாது இருந்தான். மறுபடியும் தொனி கேட்டது. அவன் மனைவி விளக்குப் பொத்தானை அழுத்தினார், விளக்கு எரியவில்லை. மின்சாரம் தடைப்பட்டிருந்தது. அப்போதுதான் அந்த ஒலி என் அலுவலக அறையிலிருந்து வருவது தெரிந்தது. கணினிக்கு வைத்திருந்த மின்சேமிப்புப் பெட்டி மின்சாரம் நின்றதைத் தெரிவித்துக் கூவிக்கொண்டிருந்தது. அதை நான் அணைத்துவிட்டு வந்தபோது அம்மா அவன் கட்டிலிலேயே அமர்ந்து அவன் கால்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்கள் தளர்ந்தே இருந்தன. அன்று விடியும்வரை எவரும் உறங்கவில்லை. தேநீர் அருந்திக்கொண்டு பழங்கதை பேசினோம்.

அவன் திரும்பிச் சென்றபின் அம்மா என்னிடம் ஒரு வேலை சொன்னார். கடைக்காரர் தரும் நாட்காட்டி எங்கள் வீட்டு அடுக்களைக் கதவருகே தொங்குகிறது. அதிலே தம்பிக்கு மருந்து நிரப்பும் நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடச் சொன்னார். அட்டமியும் நவமியும் அச்சிட்ட எழுத்தில் அதே தாளில் இருக்கின்றன. சில நாட்களில் வட்டம் அவற்றின்மேலேயே விழுகிறது. அம்மா அதைப்பற்றி எதுவும் சொல்வதில்லை. வட்டமிட்ட நாளின் மாலை நம் நேரம் ஏழு மணிக்குத் தாமே தொலைபேசியை எடுத்து, “நிரப்பியாச்சோ மோனை?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் கிடைத்ததும் வைத்துவிடுகிறார்.